தீவிரவாதக் குழுக்களின் மார்க்க வாதத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

ஐஎஸ், அல்காயிதா போன்ற குழுக்கள் எழுதியதையோ பேசியதையோ கையில் எடுத்தால், எடுத்த எடுப்பில் ஜிஹாத் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள். யாரையெல்லாம் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்கிறார்கள் என்று தேடுங்கள். இராக்கிலும் சிரியாவிலும் ஐஎஸ் கொன்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தொழுகிற, நோன்பு வைக்கிற ஒருவரைக் கொல்ல மார்க்கத்தில் இடமில்லை, அதனால் முதலில் அவரை மார்க்கத்தை விட்டு வெளியே தள்ளியாக வேண்டும். இதற்குப் பெயர் தக்பீர். மற்ற எல்லா வாதமும் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்து, 2001-இல் ஆரம்பிக்காமல் 657-க்குப் போங்கள். ஸிஃப்பீன் போரில் நான்காவது கலீஃபா அலீ (ரலி), அவரை எதிர்த்து நின்ற சிரியா ஆளுநர் முஆவியா (ரலி) இருவரும் நடுவர் வைத்துப் பேசித் தீர்க்க ஒப்புக்கொண்டபோது, அலீயின் படையிலிருந்தே ஒரு கூட்டம் "தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே" என்று கோஷம் போட்டுப் பிரிந்தது. இவர்கள்தான் கவாரிஜ்கள். அவர்கள் சொன்னது குர்ஆன் வாசகம்தான், அதனால்தான் அலீ "சொல் சரி, அதைக்கொண்டு நாடுவது தவறு" என்று பதில் சொன்னார். பெரும்பாவம் செய்தவன் காஃபிர் என்பது அவர்கள் கொள்கை. வரலாற்று நூல்களில் ஒரு சம்பவம் வரும்: அவர்களில் ஒருவர் மரத்தடியில் விழுந்து கிடந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டபோது, காசு கொடுக்காமல் எப்படிச் சாப்பிடலாம் என்று மற்றவர்கள் தடுக்க, உடனே துப்பிவிட்டார். அதே கூட்டம் நபித்தோழர் ஒருவரின் மகன் அப்துல்லாஹ் பின் கப்பாபையும் அவருடைய கர்ப்பிணி மனைவியையும் வெட்டிக் கொன்றது. பேணுதலும் கொலையும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று புரியாதவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். 661-இல் அலீயைக் கொன்றதும் இவர்களில் ஒருவர்தான். ஆனால் பிடிக்காத எல்லோருக்கும் கவாரிஜ் பட்டம் கட்டிவிடாதீர்கள், அதே காலத்துப் பிரிவுகளிலிருந்து வந்த ஓமானின் இபாழிகள் அமைதியாக வாழும் சமூகம்.

சரி, வசனம் காட்டினால் என்ன செய்வது? முன்னும் பின்னும் படியுங்கள். தீவிரவாதக் குழுக்கள் அதிகம் காட்டுவது குர்ஆனின் 9:5 (9-ஆம் அத்தியாயம், 5-ஆம் வசனம்), "இணைவைப்பவர்களைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்கிற வசனம். அதற்கு முந்தைய வசனம், உடன்படிக்கையை முறிக்காதவர்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. அடுத்த வசனம், இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. இதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது: 9:5 இறங்கியதும் சமாதானம் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்கள் ரத்தாகிவிட்டன என்பார்கள். இதை அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை, பழைய முஃபஸ்ஸிர்கள் (குர்ஆன் விரிவுரையாளர்கள்) சிலரும் சொல்லியிருக்கிறார்கள், அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. ஆனால் மறுத்த ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) ஏராளம். அதனால் எந்தத் தப்ஸீர் (விரிவுரை நூல்), யார் மறுத்தார்கள் என்று கேளுங்கள்.

ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) காட்டினால் இன்னும் கவனம் வேண்டும். 1981-இல் எகிப்து அதிபர் சதாத்தைக் கொன்ற குழுவின் சித்தாந்தி அப்துஸ்ஸலாம் ஃபரஜ், மங்கோலியப் படையெடுப்புக் காலத்து அறிஞர் இப்னு தைமிய்யாவைத்தான் பெரிதும் நம்பினார். இஸ்லாத்தை ஏற்ற பிறகும் செங்கிஸ்கான் வழிச் சட்டத்தை விடாமல் சிரியா மீது படையெடுத்த மங்கோலியருக்கு எதிரான ஃபத்வாவை, ஷரீஅத்தை முழுதாக நடைமுறைப்படுத்தாத எந்த ஆட்சியாளருக்கும் பொருத்திவிட்டார். இதே இப்னு தைமிய்யாவிடம் மங்கோலியர் பிடியில் இருந்த மார்தீன் ஊரைப் பற்றிக் கேட்டபோது, அது போர் பூமியும் இல்லை, முழு இஸ்லாமிய பூமியும் இல்லை, அங்குள்ள முஸ்லிம்களின் உயிரிலும் பொருளிலும் கை வைப்பது ஹராம் என்றுதான் பதில் சொன்னார். ஷரீஅத்துக்கு வெளியே இருப்பவர் அவருக்கு உரிய முறையில் "நடத்தப்பட வேண்டும்" என்று கையெழுத்துப் பிரதியில் இருந்தது, 1909-இல் அச்சான பதிப்பில் "போரிடப்பட வேண்டும்" என்று மாறிவிட்டது. அச்சுப் பிழை நூறு வருஷம் ஓடியது. 2010-இல் மார்தீனிலேயே ஆலிம்கள் கூடி இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

அப்புறம், வாதத்தோடு சூழலையும் சேர்த்துப் பாருங்கள். தீவிரவாதக் குழுக்கள் அதிகம் மேற்கோள் காட்டும் எழுத்தாளர் சையித் குத்ப் 1954-க்குப் பிறகு பல வருஷம் எகிப்துச் சிறையில் கிடந்தார், தன் காலத்துச் சமூகம் மொத்தமும் ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமை நிலை) என்ற முடிவை அங்கேதான் கூர்மையாக்கினார், 1966-இல் தூக்கிலிடப்பட்டார். அதே சித்திரவதையைப் பார்த்த இஃக்வான் (முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்) தலைவர் ஹசன் ஹுழைபியின் பெயரில் வந்த நூலோ, நாம் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்ல என்று சொன்னது. சிறை மட்டும் காரணமில்லை, நூல் மட்டும் காரணமில்லை. ஸலஃபி (ஆரம்பத் தலைமுறை முஸ்லிம்களின் வழியில் போக வேண்டும் என்பவர்) என்றாலே வெடிகுண்டு என்று எழுதுவதும் இதே மாதிரித் தவறு, ஆட்சியாளருக்கு எதிராக ஆயுதம் எடுப்பதைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஸலஃபி ஆலிம்கள் நிறையப் பேர்.

தமிழில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் இலங்கையில் 2019 ஈஸ்டர் தாக்குதலை நடத்திய ஸஹ்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்தது தமிழில். தேவாலயங்களுக்குப் போவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2017-இல், அவருடைய ஆட்கள் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களோடு மோதினார்கள். யாரைக் காஃபிர் என்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். பயானில் சொந்த ஊர் முஸ்லிம்களைப் பெயர் சொல்லி வெளியே தள்ள ஆரம்பித்தால் அதைச் சும்மா மார்க்க விவாதம் என்று விட்டுவிடாதீர்கள், ஊர் ஜமாஅத்தில் பேசுங்கள், ஆலிம்களை நேரில் கேளுங்கள்.

மறுப்பு எங்கே படிப்பது என்றால், 2014-இல் 126 அறிஞர்கள் அன்றைய ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் ஆரம்பிக்கலாம். அதன் சுருக்கம் 24 அம்சங்களில் இருக்கிறது. ஐஎஸ் பிரசுரம் எதையாவது ஆராய்கிறீர்கள் என்றால், இந்த 24-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதெதை அந்தப் பிரசுரம் தொடாமலே தாண்டிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.