வாசக்டமிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? நீங்களே கணக்குப் போட ஒரு வழிகாட்டி

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான வாசக்டமியைச் செய்துகொள்வதென்று நானும் மனைவியும் முடிவெடுத்த வாரம், ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டு "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். பேசியவர் ஒரு தொகையைச் சொன்னார். மேசையில் கிடந்த கவரின் பின்பக்கம் அதை எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன். எல்லாம் முடிந்தபோது அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னும் ஐந்து வரிகள் சேர்ந்திருந்தன. யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் கிடைத்தது.

இந்தச் செலவு ஆலோசனை நாளில் தொடங்கி, சில மாதம் கழித்து வரும் ஒரு லேப் ரிப்போர்ட்டில் முடிகிறது. ஆபரேஷன் நடுவில் வரும் ஒரு பகுதி. முதல் தடவை விசாரிப்பவர் அந்த முழு நீளத்தையும் முன்கூட்டியே எப்படிக் கணக்கிடலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: எதற்குப் பணம் கட்டுகிறோம்?

விதைகளில் உருவாகும் விந்தணுக்கள் இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக மேலே போகின்றன. விதைப்பையின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்த்தால், தோலுக்கு அடியில் தடித்த நூல்போல் உருளுவது அந்தக் குழாய்தான். வாசக்டமியில் இரண்டு பக்கமும் அதை வெட்டி, முனைகளை அடைத்துவிடுகிறார்கள். வேலை 15 முதல் 30 நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆண்மை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. போகாது. ஆண் ஹார்மோன் ரத்தத்தின் வழியாகப் போகிறது. அதற்கு இந்தக் குழாய் தேவையே இல்லை. விந்து நீரில் விந்தணுவின் பங்கு மிகக் குறைவு என்பதால் அளவிலும் வித்தியாசம் தெரியாது.

செலவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. வயிற்றுக்குள் போக வேண்டியதில்லை, மரத்துப்போகும் ஊசி போதும், படுக்கையில் தங்க வேண்டியதில்லை. பெண்ணுக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனில் வயிற்றுக்குள் போயாக வேண்டும். பெரும்பாலும் முழு மயக்கமோ முதுகு ஊசியோ தேவைப்படும். அதனால் அதற்குப் பொதுவாகச் செலவு கூடுதல், ஆபத்தும் கூடுதல். "இரண்டில் யாருக்குச் செய்வது?" என்று ஒரு தம்பதி யோசித்தால் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: ஒரு தொகையைப் பல வரியாகப் பிரியுங்கள்

தாளில் இந்தத் தலைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: முதல் ஆலோசனை, முன்பரிசோதனைகள், டாக்டர் கட்டணம், அறை மற்றும் உபகரணக் கட்டணம், மயக்கம், திசுப் பரிசோதனை, மருந்து மாத்திரை, பிறகு செய்யும் விந்துப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகைக்கு ஓர் இடம், "பேக்கேஜில் சேர்ந்ததா" என்பதற்கு ஓர் இடம் விடுங்கள்.

இதில் இரண்டு வரிகளைக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். ஒன்று முன்பரிசோதனை. ஆரோக்கியமாக இருக்கும் ஆணுக்கு வாசக்டமிக்கு முன் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் அவசியமில்லை என்பதுதான் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல். ரத்தக்கசிவுப் பிரச்சினை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ கதை வேறு. அதை முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று திசுப் பரிசோதனை. வெட்டியெடுத்த குழாய்த் துண்டை லேபுக்கு அனுப்பிப் பார்ப்பது. எனக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் இது ஒரு தனி வரியாக இருந்தது. "இது எதற்கு, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட்டாயமில்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்" என்று அந்த வரியை அடித்துவிட்டார். அதே வழிகாட்டுதலும் இதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்றுதான் சொல்கிறது. ஆபரேஷன் பலித்ததா என்று சொல்லப்போவது விந்துப் பரிசோதனை.

படி 3: மயக்கம் எப்படி என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கிளினிக்கில் ஒரே டாக்டரிடம் இரண்டு பேர் செய்துகொண்டு பில் வெகுவாக வித்தியாசப்பட்டால், காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால், அதைப் போடுவதும் அதே டாக்டர்தான். சாதாரண சிகிச்சை அறையே போதும். தூங்கவைத்துச் செய்ய வேண்டும் என்றால் மயக்க மருந்து நிபுணர் வருவார், இதயத்துடிப்பைப் பார்க்கும் கருவி வேண்டும், பிறகு தெளியும்வரை படுத்திருக்க ஓர் அறை வேண்டும். பல இடங்களில் ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் சேரும். வெறும் வயிற்றில் போக வேண்டும், வீட்டுக்கு அழைத்து வர ஆள் வேண்டும். ஒரு முடிவு, நாலைந்து வரிச் செலவு.

ஊசி மட்டும் போட்டுச் செய்தால் எப்படி இருக்கும்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் குத்தல் சுருக்கென்று இருந்தது, அப்புறம் சில நொடி எரிச்சல். அதன்பின் வலி இல்லை. அடிவயிற்றில் யாரோ மெல்ல இழுப்பதுபோல் ஓர் உணர்வு மட்டும் வந்து போனது. மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நர்ஸோடு பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருபவர்களும், அந்த இடத்தில் முன்பே ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தூக்க மயக்கம் தேவையான செலவாகவே இருக்கலாம். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

படி 4: எந்த முறை?

இதில் பணத்தைவிடக் கைப்பழக்கம் முக்கியம். கத்தியால் கீறிச் செய்வது பழைய முறை. 1974-ல் சீனாவில் டாக்டர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறையில், கூர்முனை இடுக்கியால் சின்னத் துளை போட்டுக் குழாயை வெளியே எடுக்கிறார்கள். தழும்பில்லா வாசக்டமி என்று சொல்வது இதைத்தான். ரத்தக்கசிவும் தொற்றும் குறைவு, பெரும்பாலும் தையலே வேண்டாம். வீக்கம் வந்து மறுபடி டாக்டரிடம் ஓடுவதும் ஒரு செலவுதான் என்பதால், இந்த முறையில் நன்றாகப் பழகியவர் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலும் அவரிடமே போவேன்.

படி 5: போன் செய்யும்போது இப்படிக் கேளுங்கள்

"எவ்வளவு ஆகும்?" என்று கேட்காதீர்கள். தாளை முன்னால் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்:

- நீங்கள் சொல்லும் தொகையில் முதல் ஆலோசனை சேர்ந்ததா?
- அறைக் கட்டணம், டாக்டர் கட்டணம் இரண்டும் ஒரே பில்லா, தனித்தனியா?
- விந்துப் பரிசோதனை சேர்ந்ததா? எத்தனை தடவை?
- வீக்கமோ தொற்றோ வந்து திரும்ப வந்தால் மறுபடி கட்ட வேண்டுமா?
- குழாய் அடைபடவில்லை என்று தெரிந்தால் இரண்டாவது தடவை செய்ய யார் செலவு?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். மறுபடி செய்ய வேண்டிவருவது 100-ல் ஒருவருக்கும் குறைவு. நல்ல கிளினிக் இதற்கு நேராகப் பதில் சொல்லும். பதில்களை எழுதி, மெயிலிலோ தாளிலோ எஸ்டிமேட்டாகவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: உங்களுக்குப் பதில் வேறு யாராவது கட்டுவார்களா?

அரசு மருத்துவமனைகளிலும் குடும்பநலத் திட்டங்களிலும் இதை இலவசமாகச் செய்யும் நாடுகள் பல உண்டு. முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும். இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் பலருக்குச் செய்து பழகிய கைகள் அங்கே இருக்கக்கூடும்.

இன்சூரன்ஸ் இருந்தால், "வாசக்டமிக்குப் பணம் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த மருத்துவமனையில் செய்தால் தருவார்கள், முன் அனுமதி வேண்டுமா, என் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும், பிறகு வரும் லேப் பில்லும் சேருமா என்று கேளுங்கள். தாங்களாக விரும்பிச் செய்துகொள்ளும் கருத்தடையை ஒதுக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு. அது சின்ன எழுத்தில் இருக்கும்.

படி 7: பில்லில் வராத செலவு

வேலைக்குப் போகாத நாட்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் இரண்டு மூன்று நாள் ஓய்வு. மூட்டை தூக்குகிறவர், ஏணி ஏறுகிறவர் சுமார் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். நாள் கூலிக்காரருக்கு இந்த வரி சில சமயம் ஆபரேஷன் கட்டணத்தையே தொட்டுவிடும், அதனால் தாளில் இதற்குத் தனி இடம் கொடுங்கள். இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை இரண்டு, வலி மாத்திரை, ஒத்தடத்துக்கு ஐஸ் பை, போக வர வண்டிச் செலவு எல்லாம் சின்னது.

ஓய்வை மிச்சம் பிடிக்க வேண்டாம். மூன்றாம் நாளே பாரம் தூக்கி, உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டால் அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் அடங்காது.

படி 8: இப்போதைய செலவோடு ஒப்பிடுங்கள்

காண்டமோ மாத்திரையோ, இப்போது மாதம் எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள். கணக்கு புரிவதற்காக மாதம் 10 என்று வைத்துக்கொள்வோம். வாசக்டமியின் எல்லா வரிகளையும் கூட்டினால் 600 என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்தும் சுமார் மூன்று மாதம் பழைய கருத்தடையைத் தொடர வேண்டும், அது 30. மொத்தம் 630. பத்தால் வகுத்தால் 63 மாதம், அதாவது ஐந்தே கால் வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பால்வினை நோய்களை வாசக்டமி தடுக்காது. அந்த ஆபத்து இருப்பவருக்குக் காண்டம் செலவு தொடரும்.

"பிடிக்கவில்லையென்றால் வெட்டிய குழாயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பில் கணக்குப் போடுகிறவர்கள் இங்கே நிற்க வேண்டும். தலைமுடி அளவு நூலால், நுண்ணோக்கி வைத்து, சில மணி நேரம் தைக்கும் வேலை அது. வெட்டியதற்கான செலவைவிடப் பல மடங்கு ஆகும், இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைகொடுக்காது. பலிக்கும் என்ற உறுதியும் கிடையாது. அமெரிக்காவில் பல மருத்துவர்கள் சேர்ந்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில், வாசக்டமி ஆகி 3 வருடத்துக்குள் சேர்த்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது. 76 சதவீதம் தம்பதிகளுக்குக் கரு தங்கியது. 15 வருடம் தாண்டியவர்களில் அது 71, 30 என்று இறங்கியது. விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கவும் வழி உண்டு, ஆனால் வருடா வருடம் வாடகை கட்ட வேண்டும், பிறகு செயற்கைக் கருத்தரிப்புச் செலவும் வரும். மனதில் பாதி சந்தேகம் இருந்தால் இப்போது செய்துகொள்ளாதீர்கள். தள்ளிப்போடுவதற்குச் செலவு குறைவு.

படி 9: கடைசி வரியைக் கட்டாயம் கட்டுங்கள்

பலர் விட்டுவிடும் வரி இதுதான். வலி போய்விட்டது, வேலைக்கும் போயாகிவிட்டது, இனி எதற்கு லேப் என்று தோன்றும். ஆனால் வெட்டிய இடத்துக்கு மேலே இருக்கும் குழாயில் பழைய விந்தணுக்கள் தங்கியிருக்கும். அவை வெளியேற வாரங்கள் ஆகும். அதனால்தான் 8 முதல் 16 வாரத்துக்குள் விந்துப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மாதிரியை எடுத்த 2 மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், ஆகவே லேபுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வசதி. தூரமென்றால் அங்கேயே தனி அறை உண்டா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் விந்தணு இல்லை என்று வந்தால் முடிந்தது. அசையாத விந்தணு ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் வரை இருந்தாலும் பலித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. லேபில் தயங்கி இன்னொரு பரிசோதனை சொன்னால், இந்த எண்ணை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு பில் மிச்சமாகலாம். அசைகிற விந்தணு இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழிந்தும் அப்படியே இருந்தால் ஆபரேஷன் பலிக்கவில்லை என்று அர்த்தம், ஐந்தாம் படியின் கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில் அப்போது கைகொடுக்கும். பரிசோதனையில் தேறியவர்களிலும் பின்னால் கரு தங்குவது சுமார் 2,000-ல் ஒருவருக்கு நடக்கிறது.

எனக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஒரே தாள், நடுவில் "விந்தணு காணப்படவில்லை" என்று ஒரு வரி. அதைப் பழைய கவரோடு சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் வைத்தேன். அன்றிலிருந்துதான் மனைவி மாத்திரையை நிறுத்தினாள்.