வாக்கர் கோப்பை: பார்ப்பவர்களும் ஆடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரா வாரம் டிவியில் கோல்ஃப் பார்க்கிறவர்கள்கூட வாக்கர் கோப்பை என்றதும் தடுமாறிப்போகிறார்கள். நான்கு நாள், 72 ஹோல், பாருக்கு (ஒரு ஹோலை இத்தனை ஷாட்டில் முடிக்க வேண்டும் என்ற கணக்குக்கு) எத்தனை குறைவு என்றே கணக்குப் பார்த்துப் பழகிவிட்டோம், அதே கண்ணோடு இதையும் பார்க்கிறோம். முதல் தவறே அதுதான். இங்கே அமெரிக்க அமெச்சூர்கள் (பணத்துக்காக ஆடாதவர்கள்) பத்துப் பேர், பிரிட்டன்–அயர்லாந்து அமெச்சூர்கள் பத்துப் பேர், இரண்டு நாள், 26 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. மொத்தம் எத்தனை ஷாட் என்று யாரும் எண்ணுவதில்லை, ஒவ்வொரு ஹோலும் தனித்தனிச் சண்டை. எதிராளி நான்கில் முடித்த ஹோலில் நீங்கள் ஐந்து அடித்தாலும் ஒன்பது அடித்தாலும் போவது ஒரே ஒரு ஹோல்தான். ‘3 அண்ட் 2’ என்று போட்டிருந்தால், இன்னும் இரண்டு ஹோல் பாக்கி இருக்கும்போதே ஒருவர் மூன்று ஹோல் முன்னால் போய்விட்டார், ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். ‘7 அண்ட் 6’ என்று துவைத்து எடுத்தாலும் பதினெட்டாவது வரை இழுத்து ஒரு ஹோலில் ஜெயித்தாலும் கிடைப்பது அதே ஒரு புள்ளி. அதனால் ஸ்கோர்போர்டில் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாமல், எத்தனை ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது ஃபோர்சம்ஸ். ப்ரொஃபஷனல்கள் ஆடும் ரைடர் கோப்பையைப் பார்த்தவர்கள் இதை ஃபோர்பாலோடு, அதாவது அணிக்கு இருவர் ஆளுக்கொரு பந்தை அடிக்கிற ஆட்டத்தோடு, குழப்பிக்கொள்வார்கள். வாக்கர் கோப்பையில் ஃபோர்பாலே கிடையாது. இரண்டு நாளும் காலையில் நான்கு ஃபோர்சம்ஸ், மதியம் ஒருவருக்கு ஒருவர் ஆடும் சிங்கிள்ஸ், முதல் நாள் எட்டு, இரண்டாம் நாள் பத்து.

ஃபோர்சம்ஸ் என்றால் இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படை ஹோல்களில் டீயில் (ஹோல் தொடங்குகிற இடத்தில்) அடிப்பார், மற்றவர் இரட்டைப்படையில். முந்தின ஹோலில் கடைசி பட் (ஹோலுக்குள் உருட்டுகிற ஷாட்) யார் போட்டார் என்பது இதை மாற்றாது. க்ளப் அளவில் இதை ஆடிப் பார்க்கிறவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் ஆள் டீயில் அடித்த பந்து எல்லைக்கு வெளியே போய்விட்டது என்று வையுங்கள். பழக்கதோஷத்தில் அவரே பாக்கெட்டிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து டீயில் வைப்பார். கூடாது! அடுத்த ஷாட் கூட்டாளியுடையது, அதே டீயிலிருந்து, அது மூன்றாவது ஷாட். பந்து தொலைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் அடிக்கிற ப்ரொவிஷனல் பந்தும் கூட்டாளி அடிக்க வேண்டியதுதான். தண்ணீரில் விழுந்து பெனால்ட்டி வந்தாலும் முறை மாறாது, ட்ராப் செய்த (பந்தைக் கையிலிருந்து கீழே விட்ட) பிறகு அடிப்பவர் கூட்டாளிதான். முறை தப்பி அடித்தால், இப்படி ஹோல் ஹோலாக மோதுகிற மேட்ச் ப்ளேயில் அந்த ஹோல் போச்சு.

யார் ஒற்றைப்படை, யார் இரட்டைப்படை என்று முதல் டீயில் நின்றுகொண்டு பேசுவதும் தவறு. பார் 3 ஹோல்கள் எந்தப் பக்கம் அதிகம் விழுகின்றன, இருவரில் அயர்ன் மட்டையில் அடித்தால் யாருக்கு நேராகப் போகும் என்று முந்தின நாளே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கூட்டாளியின் பந்து எந்த பிராண்ட், க்ரீன் (ஹோலைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்தில் அது எப்படி நிற்கிறது என்பதையும் பயிற்சியிலேயே அடித்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, கூட்டாளியைப் புதருக்குள் தள்ளிவிட்டு ஒவ்வொரு முறையும் ‘சாரி’ சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியும், நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை.

எதிராளி பட் ஷாட்டை விட்டுக்கொடுக்கிற, அதாவது ‘அடிக்க வேண்டாம், உள்ளே போனதாக வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிற, விஷயத்திலும் கவனம் வேண்டும். பந்து ஹோலுக்குப் பக்கத்தில் கிடந்தால் தானாகவே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது, எதிரணி சொல்ல வேண்டும் அல்லது தெளிவாகக் காட்ட வேண்டும். கேடி (ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கி வருபவர்) சொன்னால் செல்லாது. எதிரணி சொல்வதற்கு முன் பந்தை எடுத்துவிட்டால் ஒரு ஷாட் பெனால்ட்டி, பந்தையும் திரும்ப வைக்க வேண்டும். 2015-ல் ஜெர்மனியில் நடந்த பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பையில் அமெரிக்காவின் ஆலிசன் லீ பதினேழாவது க்ரீனில் அரை மீட்டர் பட் ஷாட்டை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பந்தை எடுத்துவிட்டார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த ஒரு ஷாட் பெனால்ட்டியில் ஹோல் போனது. ஆனால் ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்டால் அதை யாரும் திரும்ப வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது.

சரி, 13–13 என்று முடிந்தால்? ப்ளே-ஆஃப் வரும் என்று காத்திருக்காதீர்கள். கோப்பை ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே தங்கிவிடும். அப்படிச் சமனில் முடிந்தது ஒரே ஒரு முறை, 1965-ல் பால்டிமோரில், 12–12 (அப்போது மொத்தம் 24 ஆட்டம்தான்). கடைசி க்ரீனில் க்ளைவ் கிளார்க் ஒரு நீண்ட பட் ஷாட்டை உள்ளே தள்ளி பிரிட்டன்–அயர்லாந்து அணியைத் தோல்வியிலிருந்து காப்பாற்றினார். கோப்பை அமெரிக்காவிடமே இருந்தது.

அமெரிக்காவை எதிர்க்கும் அணியை ‘இங்கிலாந்து’ என்று எழுதுவதையும் விட வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மட்டுமல்ல, அயர்லாந்துத் தீவு முழுவதும் அதில் அடக்கம், அயர்லாந்துக் குடியரசும் சேர்த்து. ரைடர் கோப்பை மாதிரி ஐரோப்பா முழுவதும் இதில் இல்லை.

எனக்கு மனசு தாங்காத தவறு, ‘அமெச்சூர்தானே’ என்று ஒதுக்குவது. 1995-ல் ராயல் போர்த்காலில் டைகர் வுட்ஸ் சிங்கிள்ஸில் கேரி வுல்ஸ்டன்ஹோமிடம் ஒரு ஹோலில் தோற்றார், மறுநாள் அவரையே ஜெயித்தார், ஆனாலும் அமெரிக்க அணி 14–10 என்று தோற்றது. 2007-ல் ராயல் கவுன்ட்டி டவுனில், சொந்த மண்ணில், ரோரி மெக்கில்ராய் இருந்த அணி 12½–11½ என்று ஒரே ஒரு புள்ளியில் நழுவவிட்டது. எதிரே டஸ்டின் ஜான்சன், ரிக்கி ஃபவுலர், எல்லாரும் பின்னாளில் பெரிய ப்ரொஃபஷனல்கள். இன்னும் பின்னால் போனால், 1922-ல் நடந்த முதல் போட்டிக்கு ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குச் செய்தி எழுத வந்தவர் பெர்னார்ட் டார்வின், சார்லஸ் டார்வினின் பேரன். பிரிட்டன் கேப்டன் ராபர்ட் ஹாரிஸ் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, பேனாவை வைத்துவிட்டு இறங்கிய டார்வின் சிங்கிள்ஸில் அமெரிக்க கேப்டனையே ஜெயித்தார்!

‘எப்படியும் அமெரிக்காதான் ஜெயிக்கும்’ என்று டிவியை அணைப்பதும் வேண்டாம். 2025-ல் சைப்ரஸ் பாயின்ட்டில் 17–9 என்று ஜெயித்ததோடு சேர்த்து ஐம்பதில் நாற்பது அமெரிக்காவுக்குத்தான், உண்மைதான். ஆனால் 2021-ல் 14–12, 2023-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 14½–11½. கடைசி நாள் மதியம் பத்து சிங்கிள்ஸும் ஒரே நேரத்தில் ஓடும்போது இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1947 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் நடந்துவந்தது, அந்த ஞாபகத்தில் இருந்தால் ஒன்றைத் தவறவிடுவீர்கள். உலக அமெச்சூர் அணிப் போட்டி ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாறியதால், இது 2026-லிருந்து இரட்டைப்படைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டுக்கான இடம் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் லாஹிஞ்ச்.