கொழும்பில் ஒரே நாள்: மாமி வீட்டுக்குக் கடைசியாகப் போங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் எடுத்தால் விடியப்புறம் ஐந்து மணியளவில் வெள்ளவத்தையில் இறக்கிவிடுவார்கள். எங்களுக்கு விமானம் அடுத்த நாள் அதிகாலை இரண்டு மணிக்கு. இடையில் கொழும்புக்கென்று ஒரு முழுப் பகல். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களில் பாதிப்பேருக்குக் கொழும்பு இப்படித்தான் கிடைக்கிறது, கறிவேப்பிலை போல. இந்த முறை அப்படி விடுவதில்லை என்று ரொறன்ரோவில் இருந்தே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். பதினைந்து வயது மகளுக்கு நகரத்தைக் காட்ட வேண்டும். எனக்கும் பார்க்க வேண்டும். 1997இல் எட்டு மாதம் இந்த ஊரில் இருந்தபோது நான் எதையும் பார்க்கவில்லை. லொட்ஜ் அறை, வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரன் எடுக்கும் போனுக்காகக் காத்திருந்த கொமினிகேசன் கடை, போர்க்காலத்தில் தமிழர் செய்யவேண்டியிருந்த பொலிஸ் பதிவு. இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்த கொழும்பு.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு நாள்தான் இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ஞாயிறென்றால் புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டு, செட்டியார் தெருவில் நகை பார்க்க முடியாது என்பார்கள். பார்க்காவிட்டால் குடி முழுகாது. ஞாயிற்றுக்கிழமையின் பெருமை, அரச அலுவலகங்களும் பூட்டு என்பதுதான். பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் அப்படியே, சாராயக்கடையும் இறைச்சிக்கடையும் சேர்ந்து பூட்டு. நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை.

காலையில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கடற்கரை ரயில். வேலைக்குப் போகிற சனத்தோடு மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலை ஒட்டியே போகும். அலை பெரிதென்றால் சாரல் முகத்தில் அடிக்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இந்த இருபது நிமிடத்தைவிட நல்ல சுற்றுலா கொழும்பில் இல்லை. வாசலில் தொங்காதீர்கள் என்று சொல்லத்தான் வேண்டும். என் மகள் தொங்கினாள், நானும் தொங்கினேன்.

கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டைக்குள் நடக்கலாம். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909இல் கட்டி முடிந்தது. அதன் முன்னால் சுமைதூக்கும் நாட்டாமிகள் தள்ளுவண்டியோடு 'பாரம் பாரம்' என்று வருவார்கள், ஒதுங்கத் தெரியவேண்டும். செட்டியார் தெருவால் நடந்து கொச்சிக்கடைக்குப் போனால் பொன்னம்பலவாணேசர் கோயில். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். வெளியே ஓட்டோக்களின் இரைச்சல், உள்ளே கல்லின் குளிர். மத்தியானம் நடை சாத்திவிடும், காலையிலேயே போங்கள். பக்கத்தில் அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் சைவமும் பௌத்தமும் கிறிஸ்தவமும் ஒன்றாக வரிசையில் நிற்கும். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த தேவாலயங்களில் இதுவும் ஒன்று. வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், முகம் சுளிக்காமல் காட்டுங்கள்.

இதுவரைக்கும் என் தாளில் எழுதியபடியே நடந்தது. ஒன்பது மணிக்குமேல் நடந்தது மாமியின் தாளில் இருந்தபடி.

மாமியின் ஃபிளாட் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி. பஸ்ஸால் இறங்கி, பெட்டிகளை வைத்து, முகம் கழுவத்தான் அங்கே போனோம். தேத்தண்ணியோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்தது. "ஒரு அரை மணித்தியால அலுவல்தான் தம்பி. மாமான்ர மரணப் பத்திரத்தில ஒரு பிரதி வேணுமாம், வீட்டை எழுதுறதுக்கு. நீ ஓட்டோவில போய் எடுத்துக்கொண்டு வந்தாக் காணும்." மாமிக்கு எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் இரண்டும் அவுஸ்திரேலியாவில். முழங்கால் மடங்காது.

மாட்டேன் என்று சொல்லும் வாய் எனக்கில்லை. 1997இல் பொலிஸ் பதிவுத் துண்டில் 'யாருடைய பொறுப்பில் தங்கியிருக்கிறார்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தவர் மாமா. சந்திக்குச் சந்தி மறித்த காலம். அந்தக் கையெழுத்தால் அவருக்கு என்னவும் வந்திருக்கலாம். 2016இல் அவர் செத்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அலுவலகம் எது, எங்கே என்று சொல்லப் போவதில்லை. எல்லாம் ஒரே மாதிரித்தான். பெயர்ப் பலகை மூன்று மொழியில் இருந்தது. விண்ணப்பப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது, தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. பலகை எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது. வாசலில் மேசை போட்டிருந்த ஒரு பெரியவர் காசு வாங்கிக்கொண்டு படிவத்தை நிரப்பித் தந்தார். நல்ல மனிதர், என் கையெழுத்துக்கான இடத்தை நகத்தால் கீறிக் காட்டினார்.

முதலாவது கவுண்டரில் பதிவு இலக்கம் கேட்டார்கள். மாமியின் உறையில் இருந்த பழைய பிரதியில் இலக்கம் இருந்த மூலையைத்தான் கரப்பான் தின்றிருந்தது. இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் வேலை வேறு, புத்தகத்தைத் தேடச் சொன்னால் வேறு. கட்டணமும் வேறு, முகமும் வேறு. இரண்டாவது கவுண்டரில் கணினியில் தட்டினார்கள், மாமா இல்லை.

மாமாவின் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. சிங்களத்தில் அந்த எழுத்து இல்லை. மரணத்தைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அந்த 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இரண்டு எழுத்து. ஒரு மனிதர் மூன்று பேராகச் செத்திருக்கிறார். இதில் எந்த ஆளுக்குப் பிரதி வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டபோது அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான். கோபமெல்லாம் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கவுண்டரை மூடிவிட்டு ஒன்றே முக்கால் மட்டும் ஒருவரும் வராதபோது வந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் 'டக்' என்றது. மகள் கதிரைக்கடியில் படுத்திருந்த பூனையைப் படம் எடுத்தாள். பிறகு மின்விசிறியை எடுத்தாள். பிறகு என்னை எடுத்தாள், நான் வேண்டாம் என்று கை காட்டுகிற படம்.

மூன்றரைக்குப் பழைய புத்தகத்தில் மாமா அகப்பட்டார். பணம் கட்டி, பற்றுச்சீட்டு வாங்கி, கையை நீட்டினால், "பிரஹஸ்பதிந்தா என்ன." சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்'. வியாழக்கிழமை வாருங்கள். இரவு பிளேன் என்றேன், எனக்குத் தெரிந்த நூறு சிங்களச் சொற்களில் முப்பதைச் செலவழித்து. அவர் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேறு யாரும் வந்து எடுக்கலாம், இந்தத் துண்டைக் கொண்டுவந்தால் போதும் என்றார்.

ஆகவே, போகிறவர்கள் கவனிக்க. உறவினர் கேட்கும் பத்திரம் எதுவென்று புறப்பட ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். பிறப்பு, விவாக, மரணப் பிரதிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வழி இப்போது இருக்கிறது. காணிக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதித் தரச் சொன்னால் அதை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம், கொழும்பில் வந்து நொத்தாரிசைத் தேடவேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, பெட்டி வைக்க உறவினர் வீட்டுக்குப் போகாதீர்கள். கோட்டைப் பக்கம் பகலுக்கு மட்டும் ஓர் அறை எடுங்கள். மாமியிடம் பின்னேரம் போங்கள், சாப்பிடுங்கள், அலுவலகங்கள் பூட்டிய பிறகு. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தபோது டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தோம். நீங்கள் உள்ளே போங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குத் தனி விலை, அடையாள அட்டை இல்லாவிட்டால் யாழ்ப்பாணத் தமிழில் கெஞ்சியும் பயனில்லை. கண்டி அரசரின் சிம்மாசனத்தை எல்லாரும் பார்ப்பார்கள். 1815இல் வெள்ளைக்காரன் பிடித்த கடைசி அரசன் நாயக்கர் வம்சத்தவன், சிம்மாசனம் இங்கிலாந்து போய் 1934இல் திரும்பி வந்தது. பொலனறுவையின் செப்புத் திருமேனிகளில் நடராசரைப் பாருங்கள். ஆனால் நான் மகளுக்குக் காட்ட நினைத்தது ஒரு கல்லை. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுத் திகதி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்களாம். 2015இல் தனியே வந்தபோது பார்த்தேன், தமிழ்ப் பகுதி தேய்ந்துபோய்க் கண்ணை இடுக்கித்தான் எழுத்துக் கூட்டவேண்டும். அறுநூறு வருடத்துக்கு முந்திய சீனாக்காரனிடம் தமிழ்ப் படிவம் முடிந்திருக்கவில்லை.

மிச்சமிருந்தது காலிமுகத்திடல். ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டம், கடலை, மேலே முழு இறால் ஒட்டிய 'இஸ்ஸோ வடே'. வடையைச் சூடாகப் போடச் சொல்லுங்கள், அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள். 1956 ஜூன் 5, சிங்களம் மட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் மற்றவர்களும் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கிய புல்வெளி இது. 2022இல் ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லிச் சிங்களப் பிள்ளைகள் மாதக்கணக்காகக் கூடாரம் அடித்திருந்ததும் இங்கேதான். மகளுக்கு இரண்டையும் சொன்னேன். "அந்த ஃபோர்ம் அதாலயா?" என்றாள். சூரியன் இறங்கும்வரை இருபது நிமிடம் இருந்தோம்.

கட்டுநாயக்காவுக்கு அதிவேக வீதியில் போனால் தூரம் பெரிதில்லை, அந்த வீதியில் ஏறும்வரைதான் நகரம் உங்களைப் பிடித்து வைத்திருக்கும். பின்னேர நெரிசலுக்கு முன்னமோ, ஒன்பது மணிக்குப் பிறகோ வெளிக்கிடுங்கள். மாமி ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் மூன்று உறை சுற்றித் தந்தா. நாங்கள் ஓட்டோ ஏறும்போது பல்கனியில் நின்றா. வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பெடியனோடு போய் எடுப்பதாகச் சொன்னா.

புறப்படுமுன் காற்சட்டைப் பைகள் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். பற்றுச்சீட்டு என்னோடு ரொறன்ரோ வந்துவிட்டது. வீட்டில் உடுப்புத் தோய்க்கப் போடும்போது அகப்பட்டது. உடனே படம் எடுத்து அனுப்பினேன், மாமி அந்தப் படத்தோடு போயிருக்கிறா, படம் செல்லாதாம், துண்டுதான் வேணுமாம். கூரியரில் போட்டிருக்கிறேன். "அது பரவாயில்லை தம்பி," என்றா மாமி, "பிள்ளைக்குக் கொழும்பு பிடிச்சதே?"