அரிய தோல் கட்டிகள்: பயாப்ஸியில் எங்கே கோட்டை விடுகிறோம்

தலையிலும் கழுத்திலும் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டிதான், நீர்க்கட்டிதான். அந்தத் தைரியத்தில் மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி எடுத்து, எடுத்ததைப் பத்தாலஜிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பாமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் பாருங்கள், பாதி வில்லங்கம் அங்கேதான். டிஎஃப்எஸ்பி (டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டூபரன்ஸ்) என்ற சார்கோமா, அதாவது இணைப்புத் திசுப் புற்றுநோய், வருடக்கணக்கில் மெதுவாக வளரும், தழும்பு மாதிரியே இருக்கும். காயமே படாத இடத்தில் 'கெலாய்டு' (தடித்து வளரும் தழும்பு) என்றால் சந்தேகப்படுங்கள்.

வயதானவரின் உச்சந்தலையில் ஊதா நிறத் திட்டு. எங்கேயோ இடித்துக்கொண்டார் என்று களிம்பு கொடுத்து அனுப்புவது இன்னொரு தவறு. அடிபட்ட கன்றல் நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும். மறையாமல் பரவினால் ரத்தநாளப் புற்றுநோயான ஆஞ்சியோசார்கோமாவா என்று பார்த்தே ஆக வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டியும் போயிருக்கும்.

மேலாகச் சீவி எடுக்கும் ஷேவ் பயாப்ஸியும் ஆபத்து. வெயிலில் அடிபட்ட வழுக்கைத் தலையில் வரும் ஏஎஃப்எக்ஸ் (அட்டிபிக்கல் ஃபைப்ரோசாந்தோமா) என்ற கட்டி பொதுவாகச் சாது. நுண்ணோக்கியில் அதே முகத்தோடு, தோலுக்கடியில் உள்ள கொழுப்புக்குள் இறங்கியிருந்தால் அது ப்ளியோமார்ஃபிக் டெர்மல் சார்கோமா, பரவக்கூடியது. துண்டில் கொழுப்பே இல்லாவிட்டால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

அப்புறம், செல் எந்த வகை என்று காட்டப் பத்தாலஜியில் போடும் சாயங்கள். ஸ்பிண்டில் செல்லை (கதிர் போல நீண்ட செல்) கண்டதும் ஒரே சாயத்தை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவில் (நிறமிச் செல் புற்றுநோயில் ஒரு வகை) மெலன்-ஏ, ஹெச்எம்பி-45 சாயங்கள் இரண்டுமே பெரும்பாலும் நெகட்டிவாக வரும், எஸ்100, சாக்ஸ்10 போட்டால்தான் பிடிபடும். தோலின் மேலடுக்குச் செல்களில் வரும் ஸ்குவாமஸ் புற்றுநோயும் ஒரு கெரட்டின் சாயத்தில் நெகட்டிவாக ஒளிந்து, பி40 சாயத்தில் மாட்டலாம். இவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகே ஏஎஃப்எக்ஸ் என்று எழுத வேண்டும். சிடி10 சாயம் பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது. சிடி34 இன்னும் மோசம்: டிஎஃப்எஸ்பியிலும் பாசிட்டிவ், நடுத்தர வயது ஆண்களின் பின்கழுத்தில் வரும் ஸ்பிண்டில் செல் லிபோமா என்ற அப்பாவிக் கொழுப்புக் கட்டியிலும் பாசிட்டிவ். போதாக்குறைக்கு டிஎஃப்எஸ்பி ஃபைப்ரோசார்கோமாவாக முற்றும்போது அதே சிடி34 மங்கியும் போகலாம். குழம்பினால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையில், டிஎஃப்எஸ்பியைக் காட்டிக்கொடுக்கும் கோல்1ஏ1-பிடிஜிஎஃப்பி மரபணு இணைப்பைத் தேடுங்கள்.

கோரிக்கைப் படிவத்தில் வெறும் 'ஸ்கால்ப் ஸ்வெல்லிங்' என்று கிறுக்கி அனுப்பாதீர்கள். வயது, எத்தனை மாதமாக, எத்தனை சென்டிமீட்டர், முன்பு அங்கே அறுவையோ கதிர்வீச்சோ நடந்ததா, இவ்வளவாவது வேண்டும். எடுத்த இடத்திலேயே கட்டி திரும்ப வந்தால், நோயாளியும் பழைய ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.