படுக்கையறைச் சுவரின் ஈரத்தைச் சரிசெய்த விதம்

படுக்கையறையைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் பெயிண்ட் உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. தடவினால் விரலில் வெள்ளை உப்புப் பொடி ஒட்டியது. ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய, ஒரு பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவைத்தேன். தாளின் உட்புறத்தில் நீர் அரும்பியிருந்ததால், கோளாறு சுவருக்குள்தான் என்பது தெளிவாயிற்று. குளியலறை டைல்ஸ் இடுக்குகளில் பழைய பூச்சைச் சுரண்டியெடுத்து எப்பாக்ஸி (நீர் புகாத பிசின் கலவை) நிரப்பியதும் கசிவு நின்றது. பின்னர், இளகிய சுவர்ப்பூச்சைக் கொத்தியெடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து நீக்கி (தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து மீண்டும் உள்ளே இறங்கிவிடும்), புதிதாகப் பூசி, சுவர் நன்கு காயும்வரை காத்திருந்தோம். வண்ணம் தேர்ந்தெடுத்துவிட்டுப் பரபரத்த வீட்டாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. அதன் பிறகே பட்டி, பிரைமர், பெயிண்ட் வேலைகளை முடித்து, காற்றோட்டத்துக்காக அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தோம்.