இருட்டிலும் மணி தெரியும் வாட்ச்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

என் மகள் பிறந்த புதிதில் ராத்திரி இரண்டரைக்கும் நான்குக்கும் எழுந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். கடைசியாகப் பால் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிய வேண்டும். போனை எடுத்தால் அந்த வெளிச்சம் பட்டதும் கண் செருகிய குழந்தை முழித்துக்கொள்ளும். கையில் கட்டியிருந்த வாட்சில் விளக்கு இருந்தது, ஆனால் அதன் பொத்தானை அமுக்க இன்னொரு கை வேண்டுமே, அந்தக் கையில்தான் குழந்தை இருக்கிறாள். இருட்டில் தெரியும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். என் இருட்டுக்கு அது உதவவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் இருட்டு எது?

கடைக்குப் போவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு இருட்டில் நேரம் பார்ப்பீர்கள்? அதற்கு முன் வாட்ச் மேல் வெளிச்சம் பட்டு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த நேரத்தில் இன்னொரு கை சும்மா இருக்குமா?

இரவுக் காவல் பார்ப்பவருக்கு இரண்டாவது கை சும்மா இருக்கும், பொத்தான் போதும். இரவில் பைக் ஓட்டுபவருக்கு இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், அதனால் ஒரு பார்வையில் தெரிந்தாக வேண்டும். கரன்ட் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் மோட்டார் போடப் போகும் என் அப்பாவுக்கு ஒரு கையில் டார்ச் இருக்கிறது, அவருக்கு எந்த வாட்சும் சரிதான், ஈரமும் சேறும் தாங்கினால் போதும். பதிலைப் பொறுத்து வாங்கும் பொருளே மாறிவிடும், அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழி உண்டு.

ஒன்று, பொத்தானை அமுக்கினால் எரியும் விளக்கு. 1989-இல் வந்து இன்றும் விற்கும் கேசியோ எஃப்-91டபிள்யூவில் இடது பக்கம் ஒரு குட்டிப் பச்சை விளக்கு இருக்கும். இடது பக்க எண்கள் தெரியும், வலது பக்கம் போகப் போக மங்கல். டைமெக்ஸ் 1992-இல் கொண்டுவந்த இண்டிகுளோ வேறு மாதிரி, முகப்பு முழுவதும் ஒரே சீராக நீலப்பச்சையில் ஒளிரும், முள் வைத்த வாட்சிலும் கிடைக்கும். இந்த வகையின் பெரிய பலம், ராத்திரி பத்து மணிக்கும் விடிகாலை நான்குக்கும் ஒரே அளவு வெளிச்சம். கேசியோவின் ஜி-ஷாக்கில் சில மாடல்கள் மணிக்கட்டைத் திருப்பினாலே விளக்கைப் போட்டுவிடும், கை சும்மா இல்லாதவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண் வரும் டிஜிட்டல் திரை அழகாகத்தான் இருக்கும், ஆனால் சாயங்கால மங்கலில் அதைப் படிப்பது சிரமம். வெளிர் பின்னணியில் கறுப்பு எண் வரும் சாதாரணத் திரையையே எடுங்கள்.

இரண்டு, முள்ளிலும் எண்களிலும் பூசிய ஒளிரும் பூச்சு. நம் ஊரில் இன்னமும் 'ரேடியம் இருக்கா' என்றுதான் கடையில் கேட்கிறோம். வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கரையும் ரேடியம் என்கிறோம், அது மேலே பட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறதே தவிர தானாக ஒளிர்வதில்லை. வாட்சில் ஒரு காலத்தில் உண்மையான ரேடியம் இருந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அதை முகப்பில் தீட்டும் வேலை பார்த்த பெண்கள் தூரிகையின் முனையைக் கூராக்க உதட்டில் வைத்து வைத்து, உடம்பில் ரேடியம் ஏறி, தாடை எலும்பு அழிந்து பலர் இறந்தே போனார்கள். அவர்களில் ஐந்து பேர் வழக்குப் போட்டு 1928-இல் இழப்பீடு பெற்றார்கள். இன்றைய பூச்சில் கதிர்வீச்சு கிடையாது. 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கிய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் வகைதான் இப்போது லூமிநோவா, சூப்பர்-லூமிநோவா என்ற பெயர்களில் வருகிறது. சீகோ நிறுவனத்தில் அதன் பெயர் லூமிபிரைட். தாத்தா காலத்து வாட்ச் வீட்டில் இருந்து அதன் முள்ளில் பழுப்பேறிய பூச்சு இருந்தால் மட்டும் அதைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். ஒளி செத்துப்போயிருந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கும்.

இந்தப் பூச்சு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. விளக்கை அணைத்ததும் கண்ணைப் பறிக்கும், இருபது நிமிடத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடும், அப்புறம் மெல்லிய ஒளி மணிக்கணக்கில் நிற்கும். அந்த மெல்லிய ஒளி போதுமா? நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும், தூங்கி எழுந்தவருக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும். அதனால் மூன்று மணிக்குக் குழந்தையோடு எழுபவருக்கு நல்ல பூச்சு போதும், பளிச்சென்ற தெருவிளக்கிலிருந்து சட்டென்று இருட்டுக்குள் நுழைபவருக்கு அதே பூச்சு ஒன்றுமே தெரியாது. அளவும் முக்கியம். முள் அகலமாக, பூச்சு தடியாக இருந்தால்தான் விடியும்வரை தாங்கும். மெல்லிய முள்ளில் கோடு மாதிரி இழுத்துவிட்டது ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும்.

மூன்று, ட்ரிட்டியம் வாயு அடைத்த சின்னஞ்சிறு கண்ணாடிக் குழாய்கள். வெளிச்சமே காட்ட வேண்டாம், இரவு பகல் எந்நேரமும் தானாக ஒளிரும். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதாவது பன்னிரண்டு வருடம் கழித்து வாயு பாதிதான் மிஞ்சும், ஒளியும் அந்த அளவுக்குக் குறையும். கதிர்வீச்சு மிகப் பலவீனமானது, கண்ணாடியைத் தாண்டாது. டிரேசர், லூமினாக்ஸ், பால் (Ball) போன்ற நிறுவனப் பெயர்களில் வருகிறது, விலைதான் கையைக் கடிக்கும். இரவு முழுக்க இருட்டிலேயே வேலை என்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

மூன்றாம் படி: கடையிலேயே சோதியுங்கள்

பிடித்த இரண்டு மூன்று வாட்ச்களை ஒன்றாக வைத்து, போன் டார்ச்சை எல்லாவற்றின் மேலும் அரை நிமிடம் அடியுங்கள். உடனே பார்த்து மயங்காதீர்கள், முதல் நிமிடத்தில் எல்லாமே நன்றாகத்தான் ஒளிரும். மூடிய பைக்குள்ளோ டிராயருக்குள்ளோ வைக்கச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, கைகளால் குவித்து மறைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மணி முள்ளும் நிமிட முள்ளும் வடிவத்திலேயே வேறுபடுகிறதா? பன்னிரண்டாம் இடத்துக் குறி மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரிகிறதா? எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளியாக இருந்தால் தூக்கக் கலக்கத்தில் ஒன்பதும் பன்னிரண்டும் குழம்பும், நான் அப்படி மூன்று மணி நேரம் தப்பாக எண்ணியிருக்கிறேன். முத்துக்குளிப்பவர், ஆழ்கடலில் இறங்குபவர் கட்டும் வகைக்கு ஐஎஸ்ஓ 6425 என்ற தரம் உண்டு. அதன்படி 25 செ.மீ. தூரத்திலிருந்து இருட்டில் நேரம் படிக்க முடிய வேண்டும். முகப்பில் 'டைவர்ஸ் 200 மீ' என்று போட்ட நல்ல நிறுவனத்தின் வாட்ச் என்றால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும்.

நான்காம் படி: பின்பக்கத்தைப் படியுங்கள்

உழைப்பு விஷயம் முழுக்க அங்கேதான் எழுதியிருக்கும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். கூடவே 'பேஸ் மெட்டல்' என்று இருந்தால் உடம்பு முழுக்க மலிவான உலோகத்தின் மேல் முலாம். என் முதல் வாட்ச் அப்படி ஒன்று. இரண்டு கோடையின் வியர்வையில் முலாம் உரிந்து, பட்டை மாட்டும் காதுப் பக்கம் பச்சைக் களிம்பு பிடித்து, மணிக்கட்டில் அரிப்பு வந்து நின்றது. 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ, இல்லையென்றால் நேர்மையான பிளாஸ்டிக் உடம்பு என்றோ வாங்குங்கள். பிளாஸ்டிக் கேவலம் இல்லை, ஜி-ஷாக் 1983-லிருந்து அதில்தான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு: 30 மீட்டர் என்றால் முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தம் இல்லை, கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும். 50 மழைக்கு. 100 இருந்தால் குளிக்கலாம், கிணற்றில் நீந்தலாம். தினமும் கட்ட 100-க்குக் கீழே போகாதீர்கள். வெந்நீரும் சோப்பும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், அது தனி.

கண்ணாடி மூன்று வகை. பிளாஸ்டிக் கண்ணாடி சீக்கிரம் கீறும், ஆனால் பற்பசை தேய்த்தால் சின்னக் கீறல் போய்விடும், உடைவது அரிது. மினரல் நடுத்தரம். சஃபையர் மணலில் உரசினாலும் கீறாது, ஆனால் கிரானைட் தரையில் விழுந்தால் சிதறலாம்.

பட்டைக்கு வியர்வைதான் எதிரி. தோல் பட்டை நம் வெயிலுக்கு நாறும். நைலான் பட்டை துவைத்துப் போடலாம், விலையும் குறைவு. காதுகளுக்கு நடுவே 18, 20, 22 மி.மீ. இப்படி இரட்டைப்படை எண்ணில் இடைவெளி இருந்தால் எங்கும் மாற்றுப்பட்டை கிடைக்கும்.

ஐந்தாம் படி: பேட்டரியா, சூரியஒளியா?

சாதாரண பேட்டரி வாட்ச் போதும். மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பலர் சொல்வதில்லை, அடுத்த மழையில் உள்ளே பனி பிடிக்கும். தொந்தரவே வேண்டாம் என்றால் சூரியஒளியில் ஓடும் வகை.

கடைசியில் என்ன வாங்குவது?

கை சும்மா இருக்கும், செலவு குறைய வேண்டும் என்றால் கேசியோ ஏஇ-1200. 100 மீட்டர், பத்து வருட பேட்டரி. இன்னும் குறைவு என்றால் எஃப்-91டபிள்யூ. அதில் போலி நிறைய வருகிறது, வலது பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அசலில் நிறுவனத்தின் பெயர் ஆங்கிலத்தில் திரையில் வரும். அடி, தூசி, தண்ணீர் எல்லாம் உண்டு என்றால் சதுர ஜி-ஷாக். என் மாதிரி கை கட்டுண்டவர்கள் சீகோ டைவர் அல்லது சூரியஒளியில் ஓடும் சிட்டிசன் ஈகோ-டிரைவைப் பாருங்கள். நான் எடுத்தது கேன்வாஸ் பட்டை போட்ட ஈகோ-டிரைவ், 100 மீட்டர், பேட்டரி மாற்றும் வேலையே இல்லை.

வாங்கி வந்த முதல் ராத்திரி முழுக்கைச் சட்டைக்குள் மறைக்காமல், படுக்கும் முன் ஐந்து நிமிடம் விளக்குக்கு அடியில் வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். இடையில் முழிப்பு வரும்போது வேறு விளக்கைப் போடாமல் மணி பாருங்கள், இரண்டு மூன்று இரவு இப்படி. படிக்க முடியவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள்.