ரேழியில் பறக்கும் நெட் அடுப்படியில் ஏன் நிற்கிறது?

வீட்டில் நெட் நின்றால் கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர், ஆபரேட்டரிடம் உள்ள உங்கள் கணக்கு, வீட்டுக்குள் காற்றில் போகும் வைஃபை. இதில் எது என்று தெரியாமல் புது ரூட்டர் வாங்கினால் பெரும்பாலும் பணம்தான் வீண். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்து நீளமான கட்டு வீடுகளில் மூன்றாவது காரணமே அதிகம். ஆனாலும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில், நடுவில் சுவர் இல்லாத இடத்தில் நின்றுகொள்ளுங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வைஃபை தடுமாறும் நேரத்தில் போன் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும், சோதனை தப்பாகும். அங்கே நெட் நன்றாக ஓடி உள்ளறையில் மட்டும் நின்றால் கோளாறு காற்றுவழியில். அங்கேயே வராவிட்டால் மோடத்தின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி; பல வீடுகளில் ரூட்டரும் இதுவே) விளக்குகளைப் பாருங்கள்.

விளக்கு சொல்லும் சேதி

ஃபைபர் மோடத்தில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. பான் (PON) என்ற பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் ஆபரேட்டரின் கருவியோடு உங்கள் மோடம் சேர்ந்துவிட்டது. அது மின்னிக்கொண்டே இருந்தால் சேர முயல்கிறது, முடியவில்லை. பான் நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தோ சிவப்பாகவோ இருந்தால் கம்பியில் குறையில்லை. பெரும்பாலும் மாதப் பணம் கட்டும் தேதி தாண்டியிருக்கும், அல்லது யூசர் நேம், பாஸ்வேர்டு விவரம் அழிந்திருக்கும்.

அந்த விவரம் அழிவதற்கு முக்கியக் காரணம் ரீசெட் பொத்தான். மோடத்தின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைப் பத்து நொடி அழுத்தினால் ஆபரேட்டர் ஏற்றி வைத்த அமைப்பு முழுவதும் போய்விடும். பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். மோடத்தை அணைத்துப் போடுவது வேறு: அடாப்டரைக் கழற்றி, முப்பது நொடி விட்டு மறுபடி செருகினால் போதும். வீட்டில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

எல்.ஓ.எஸ். சிவப்பாக இருந்தால் மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் மடிந்திருக்கிறதா? மிச்சக் கம்பியை இறுக்கிச் சுற்றி ஆணியில் மாட்டக் கூடாது. சுருளின் குறுக்களவு குறைந்தது 6 செ.மீ. இருக்கட்டும். அதைவிட இறுக்கினால் ஒளி கண்ணாடி இழையிலிருந்து கசிந்துவிடும். முனையில் உள்ள செருகி பச்சை நிறமானால் பச்சைத் துளையிலும், நீலமானால் நீலத் துளையிலும்தான் போக வேண்டும். பச்சையின் முனை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். மாற்றிச் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஒளி பாதியில் சிதறும். கழற்றிய செருகியின் நுனியைக் கையால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. தெரியாததால்தான் ஆபத்து.

வந்து சேரும் ஒளியின் அளவை நீங்களே பார்க்கலாம். மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் போட்டு உள்ளே போனால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஓர் எண் இருக்கும். -15 முதல் -25 டி.பி.எம். வரை நல்லது. -27-ஐத் தாண்டிக் கீழே போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். நன்றாக ஓடும் நாளில் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது மூன்று எண் (மூன்று டெசிபெல்) குறைந்தாலே வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். "போன மாதம் -21, இன்று -26" என்று நீங்கள் சொன்னால், வருகிறவர் மோடத்தைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் கம்பத்து ஜாயின்ட்டைத் திறந்து பார்ப்பார்.

வீட்டுக்குள்ளே

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் போகும் வீடுகளில் கம்பி வாசல் வழியே நுழையும். வந்தவர் வேலை சுலபமாக ரேழியிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார். அங்கிருந்து கிளம்பும் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி ஒன்றரை அடி செங்கல் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர்களில் ஓதம் ஏறினால் இன்னும் மோசம். தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். நெல் மூட்டை அடுக்கிய அறைக்குப் பின்னால் சிக்னல் செத்துப்போவதற்கும் இதுவே காரணம். கொள்முதல் நிலையத்தில் எடுக்கும் நெல்லிலேயே 17 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மாடித் தண்ணீர்த் தொட்டி, குரங்குக்காக முற்றத்தின் மேல் அடித்த கம்பி வலை எல்லாமே தடைதான்.

அதனால் ஃபைபரை கூடம் வரை இழுத்து, முற்றத்தைப் பார்த்த தூணிலோ சுவரிலோ, தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் ரூட்டரை மாட்டச் சொல்லுங்கள். முற்றத்தின் திறந்தவெளி வழியாக அலை இரண்டு பக்கமும் சுவரைத் துளைக்காமல் போய்ச் சேரும். சாரல் படாத இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றம் பல வீடுகளில் புது ரூட்டரைவிட அதிகப் பலன் தரும். டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள் ரூட்டரை வைப்பது எந்த வீட்டுக்கும் ஆகாது.

ஆன்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், மேலும் கீழும் குறைவாகப் போகும். மாடியில் வேண்டுமென்றால் ஒரு ஆன்டெனாவை மட்டும் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள்.

பிறகு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் தடித்த சுவர் ஒன்றிரண்டிலேயே களைத்துவிடும். 100 எம்.பி.பி.எஸ். பிளானுக்குப் பணம் கட்டியும் போனில் 40-ஐத் தாண்டவில்லை என்றால், போன் 2.4-இல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒற்றை ஆன்டெனா உள்ள பழைய போனில் அந்த வரிசையின் காகிதக் கணக்கே 72 எம்.பி.பி.எஸ்.தான். நடைமுறையில் 40, 50 வந்தால் அதுவே அதன் எல்லை. இரண்டு வரிசைக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் எது எதில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். டிவி, லேப்டாப்பை 5-இலும், பிரின்டர், கேமரா போன்றவற்றை 2.4-இலும் போடலாம்.

அடுத்தடுத்த வீடுகள் ஒரே பொதுச்சுவரில் நிற்கும் தெருக்களில், பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே சேனலில் (அலைவரிசைக்குள் ஒரு தனிப் பாதை) கத்திக்கொண்டிருக்கும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, மூன்றில் எது காலியோ அதை ரூட்டரில் நிரந்தரமாக வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். நெருக்கமான தெருவில் மோதல்தான் கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வைத்தால் சிக்கல் குறைவு.

அதே செயலி ஒவ்வோர் அறையிலும் சிக்னல் அளவைக் காட்டும். -50 அருமை. -67 வரை வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓடும். -75-ஐத் தாண்டினால் பெயர் தெரியும், வேலை நடக்காது. வீட்டை ஒரு சுற்று நடந்து எண்களைக் குறித்தால் எந்தச் சுவர் தின்கிறது என்று பிடித்துவிடலாம்.

இரண்டாங்கட்டுக்கு ஒரு கம்பி

இடம் மாற்றியும் பின்கட்டு எட்டவில்லையா? பலர் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் வாங்கி, அதே ரேடியோவால் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். சிக்னல் செத்த அறையிலேயே அதை மாட்டினால் பாதியும் கிடைக்காது. வாங்கிவிட்டீர்கள் என்றால் பாதி வழியில், -65 அளவு உள்ள இடத்தில் மாட்டுங்கள்.

உறுதியான வழி, பின்கட்டு வரை லான் கேபிள் இழுத்துப் பழைய ரூட்டர் ஒன்றை அங்கே வைப்பது. கேட் 6 கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைத்தால் ஒடியும். நூறு மீட்டர் வரை இழுக்கலாம், எந்தக் கட்டு வீட்டுக்கும் அது தாராளம். வெயில் படும் இடத்தில் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள் வேண்டும். மின்சார வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள். இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்கட்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கிவிடும், அல்லது வராமலே போகும்.

பழைய ரூட்டரைக் கம்பியில் செருகும் முன் லேப்டாப்பை அதனோடு இணைத்து மூன்று மாற்றம் செய்யுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், முதல் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால். டி.எச்.சி.பி.யை (போன், லேப்டாப்புக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். முன்கட்டில் உள்ள அதே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, சேனலை மட்டும் மாற்றுங்கள். முன்னால் 1 என்றால் பின்னால் 11. கம்பியை வான் (WAN, வெளி இணைப்பு நுழையும்) துளையில் அல்ல, லான் (LAN) துளையில் செருக வேண்டும். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். அப்போது சில போனில் நெட் வரும், சிலவற்றில் வராது. இந்தக் குழப்பத்தைப் பார்த்தால் முதலில் அந்த அமைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சாயங்காலம் மட்டும் மந்தம்

லேப்டாப்பை லான் கேபிளில் இணைத்து, இரவு எட்டு மணிக்கு ரூட்டர் முகவரிக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். ரூட்டர் ஒன்றிரண்டு மில்லிநொடியில் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் தடுமாறினால் நெரிசல் ஆபரேட்டர் பக்கம். பகல் அளவையும் இரவு அளவையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டில் யாருடைய போனாவது வீடியோக்களைப் பேக்கப் ஏற்றுகிறதா, கேமராக்கள் ஓயாமல் அனுப்புகின்றனவா என்று பாருங்கள். மேலேறும் பாதை நிரம்பினால் இறங்குவதும் தடுமாறும்.

மின்சாரமும் மழையும்

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தால், நாளில் பல தடவை அப்படி நடந்தால், ரூட்டர் கெடவில்லை, அடாப்டர் பழுதாகிவிட்டது. புதிதில் வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும்: 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

மின்தடைக்கு மினி யு.பி.எஸ். நல்லது. மோடம் சுமார் 8 வாட் இழுக்கும். 30 வாட்-மணி பேட்டரி என்றால் இழப்பு போக மூன்று மணி நேரம் எதிர்பார்க்கலாம். மோடமும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். உங்கள் பக்கம் எல்லாம் எரிந்தும் மின்தடை தொடங்கி ஒரு மணி நேரத்தில் நெட் போனால், ஆபரேட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, வெளிக் கம்பியை ஒரு முறை பாருங்கள். சுவர்த் துளைக்கு நுழையும் முன் கம்பி கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும்; அந்த வளைவில் தண்ணீர் சொட்டி விழும், உள்ளே வழியாது. தென்னை மட்டை விழும் இடத்திலும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் உரசும் உயரத்திலும் கம்பி தொங்கினால் இப்போதே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். புயல் வந்த பின் ஆபரேட்டருக்கு ஊர் முழுக்க வேலை இருக்கும். 2018 நவம்பரில் கஜா கரையேறிய பிறகு நாகை, திருவாரூர் மாவட்டங்களில் கம்பங்களே சாய்ந்து கிடந்தன.

இடி இடிக்கும்போது அடாப்டரைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபைபர் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது; ஆனால் வெளிக் கம்பியில் தாங்குவதற்காக எஃகு இழை ஓடும், அது கடத்தும். கொல்லைப் பக்கம் திறந்தவெளியில் இழுத்த லான் கேபிளையும் இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள்.